ஜெசிந்தா அக்கா வேண்டாமென்ற அடாப்டர்கள்

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. தோட்ட மருந்தகத்தில் காலை நேரக் கூட்டம். ஊசி போடுவதற்காகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் அனுப்பியிருந்தார். ஓரமெல்லாம் ரோஜாப்பூ, கீழே எரிகிற மெழுகுவர்த்தி, நடுவில் அக்கா. "சாந்தமே உருவான எங்கள் ஜெசிந்தா மிஸ் இறைவனடி சேர்ந்தார்."

வேறு யாருடைய மரண அறிவித்தலிலோ அக்காவின் படத்தை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவுக்கும் சாந்தத்துக்கும் என்ன சம்பந்தம்? லிந்துலையில் இருக்கும் அவருடைய தம்பிக்கு அழைத்தேன்.

"நெஞ்சு அடைக்குதுன்னாங்க மிஸ்ஸி. ஆட்டோவுக்குச் சொல்லிட்டு உள்ள வர்றேன், பேச்சில்ல மூச்சில்ல," என்றார் அவர்.

போனை வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஊசி போட்டேன். பிள்ளை அழுதது, நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. கோபம் மட்டும் இன்றுவரை போகவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அஞ்சலி எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டார். "கொஞ்சம் மென்மையா எழுதுங்க மிஸ்ஸி," என்றும் சொன்னார். மென்மையாக எழுத அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள். இருந்தாலும் படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பொய்யைத் திருத்துவதற்காக, யார் அவர் என்று நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள். படித்து, வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பரிசோதித்துத் திருத்தும் வேலையில் இருந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். ஹட்டனில் எங்கள் சங்கம் தோட்டத்து நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, காற்று மெத்தை, மூச்சுக் கருவி என்று இரவல் கொடுத்து வருகிறது. வந்து சேர்ந்த அன்றே எங்கள் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல பாதிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றார். நான் அந்தச் சங்கத்தில் இருக்கும் தோட்டத்துத் தாதி. அவர் கத்துவார், நான் கத்துவேன். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவருடைய கைப்பையில் வயர் வெட்டும் குறடு ஒன்று எப்போதும் இருக்கும். சிவப்புப் பிடி, பாதி உரிந்தது. சரியில்லாத அடாப்டர் ஒன்றைக் கண்டால் முதலில் அதன் வயரை வெட்டுவார், பிறகுதான் ஏன் சரியில்லை என்று விளக்குவார். ஒருநாள் நான் கேட்டேன், "குப்பையில போட்டா போதாதாக்கா, எதுக்கு வெட்டுறீங்க?" என்று.

"வயரோட போட்டா அது மறுபடி ஒரு வீட்டுக்குள்ள போயிரும்டி. நம்ம ஆளுங்க வயரு உள்ள சாமான என்னைக்குக் குப்பையில விட்டிருக்காங்க?"

உண்மைதான். எந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனாலும் சுவர் ஆணியில் இரண்டு மூன்று அடாப்டர்கள் தொங்கும். ரேடியோ செத்திருக்கும், அதன் அடாப்டர் இருக்கும். பழைய டீவிப் பெட்டி போயிருக்கும், அதன் அடாப்டர் இருக்கும். எந்தக் கருவியானாலும் துளைக்குள் நுழைந்தால் போதும், அது அதற்குச் சொந்தக்காரன். ஒரு வீட்டில் படுக்கையில் இருந்த கிழவரின் சளி உறிஞ்சும் கருவிக்குப் பழைய பாட்டுப் பெட்டியின் அடாப்டரை மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். அக்கா அந்த வீட்டில் யாரையும் திட்டவில்லை. கழற்றினார், வெட்டினார், சரியானதைப் போட்டுக் கொடுத்தார். திட்டு முழுவதும் திரும்பி வரும் வழியில் எனக்குத்தான் கிடைத்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுத நான் வரவில்லை. ஒருமுறை காற்று மெத்தைகளுக்கு வந்த அடாப்டர்களையெல்லாம் வரிசையாக வைத்து வெட்டிப் போட்டார். அடுத்த வாரம் அவற்றின் சான்றிதழ் வந்து சேர்ந்தது. எல்லாம் சரியான சாமான். சங்கமே பொங்கி எழுந்தது. கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார்.

"வெட்டுனது என் தப்பு. பேப்பர் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும், பொறுக்கல. வெட்டுன எல்லாத்துக்கும் பதிலு நானே வாங்கிப் போடுறேன். ஆனா வெட்டுற பழக்கம் தப்புன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

சொன்னபடி வாங்கியும் போட்டார். ஆனால் அன்றோடு தலைவரின் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டக்கூடாது என்று தீர்மானம் வந்தது. அதற்குப் பிறகு அக்கா எதைச் சொன்னாலும், யாராவது ஒருவர் கூட்டத்தின் மூலையில் இருந்து, "மிஸ்ஸு மெத்தைய வெட்டுன மாதிரியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரே ஒரு தவறை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியின் நூறு சரியான பேச்சை வாயடைக்க முடியும் என்பதை நான் அந்தக் கூட்டங்களில்தான் கற்றுக்கொண்டேன். சிரித்தவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்த மென்மை.

இனி நெபுலைசர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

பனிக்காலம் வந்தால் நம் லயங்களில் பிள்ளைகளுக்கு மூச்சு இழுப்பு வருவதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரச்சுவர், அடுப்புப் புகை, ஒரே அறை. பிள்ளை இழுக்கத் தொடங்கினால், தோட்டத்து லொறி கிடைத்து, குழிவிழுந்த பாதை கடந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உதடு நீலமாகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் ஒரு நல்ல மனிதர் கையடக்கமான நெபுலைசர்கள் ஒரு பெட்டி நிறைய அனுப்பினார். மருந்தை ஊற்றி முகமூடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்தால் மருந்து ஆவியாகி உள்ளே போகும். அவை சின்ன பேட்டரியிலும் ஓடும், அடாப்டரை மாட்டினால் கரண்டிலும் ஓடும். ஆனால் அடாப்டர் தனியாக வாங்க வேண்டிய சாமான். அதனால் பெட்டிக்குள் அது இல்லை. சங்கம் கொழும்பில் தேடி வாங்கியது. வோல்ட் சரி, முனை சரி, சான்றிதழும் இருந்தது.

அக்கா சான்றிதழை வாங்கி வாசித்தார். மடித்து மேசை மேல் வைத்தார். "இது ஆகாது," என்றார்.

தலைவருக்கு முகம் சிவந்தது. "ஏன் மிஸ், சான்றிதழ் பொய்யா?"

"பொய்யில்ல, நல்ல சான்றிதழ். ஆனா இது கம்ப்யூட்டர், டீவி, போன் மாதிரி சாமானுக்கு உள்ள அடாப்டருக்குக் குடுத்தது. 62368னு போட்டிருக்கு பாருங்க. நோயாளி ஒடம்புல படுற கருவின்னா அதுக்கு 60601 வேணும். அதுலயும் வீட்டுல வச்சுப் பாவிக்கிற கருவிக்குன்னு தனிப் பகுதி இருக்கு, அதுவும் வேணும்."

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கலாமா மிஸ்?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"மாடுதான் தானம் தலைவரே. கயித்த நாமதான காசு குடுத்து வாங்கியிருக்கோம்? நான் கயித்தத்தான் பாக்குறேன்."

அப்போதும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். செயலாளர் பொறுமையாகவே கேட்டார், நல்ல தரம் என்று எழுதியிருக்கும்போது எந்தத் தரமாக இருந்தால் என்ன என்று. அக்கா அவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "லொறி ஓட்ட லைசென்ஸ் வச்சிருக்கிறவரு நல்ல டிரைவர்தான். அதுக்காகப் பஸ்ஸுல சனத்த ஏத்திக்கிட்டுப் போகச் சொல்வீங்களா? அடாப்டர மட்டும் பாத்துத் தரம் சொல்ல ஏலாது. அதோட மறுமுனை யாரு கையில போய் முடியுதுன்னு பாத்துத்தான் எந்தத் தரம்னு முடிவு பண்ணணும்."

நான் அந்தக் கடைசி வார்த்தையை மறக்கவே மாட்டேன். போன் அடாப்டரின் மறுமுனையில் இருப்பது ஒரு கண்ணாடித் துண்டு. நெபுலைசரின் மறுமுனையில் இருப்பது வியர்த்து நனைந்து மூச்சுக்குத் திணறும் பிள்ளை, அதன் ஈரக்கை, சிந்திய மருந்து. கம்ப்யூட்டர் அடாப்டரில் கசிய அனுமதித்த மின்சாரத்தின் அளவு வேறு, நோயாளியின் கருவிக்கு அனுமதித்த அளவு வேறு. உள்ளே கரண்டுப் பக்கத்துக்கும் கருவிப் பக்கத்துக்கும் இடையில் வைக்க வேண்டிய தடுப்பும் வேறு. அக்கா இதைப் பூதாகரமாக்கிப் பயம் காட்டியதே இல்லை. "மாட்டுன ஒடனே புள்ள செத்துரும்னு நான் சொல்லல," என்றுதான் கூட்டத்தில் சொன்னார். "சாகாமலே போகலாம். ஆனா எந்தப் புள்ளையில அதச் சோதிச்சுப் பாக்கப் போறீங்க, பேரச் சொல்லுங்க." பிரச்சினையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த கூட்டம் வருவதற்குள் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகலைப் பக்கத்து லயம் ஒன்றுக்குப் போனார். நெபுலைசர் கேட்டிருந்த செல்வியின் வீடு. செல்வி கொழுந்து பறிக்கிறாள், அவளுடைய மகள் தர்ஷினிக்கு மோசமான இழுப்பு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு மூன்று துளைப் பிளக். செல்வி எங்களுக்குச் செய்து காட்டினாள். ஒரு பேனாவை எடுத்து மேல் துளையில் குத்திப் பிடித்தாள், கீழே உள்ள இரண்டு துளைகளும் திறந்தன, இரண்டு முனைப் போன் சார்ஜரை உள்ளே செருகினாள். பேனா அந்தச் சுவரிலேயே நூல் கட்டித் தொங்குகிறது.

"மேல உள்ள ஓட்ட பூட்டு மிஸ். பேனா விட்டாத்தான் தொறக்கும்," என்றாள், புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவளின் குரலில்.

அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். கீழ்த் துளைகளுக்கு வயர் வந்திருந்தது. மேல் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் செம்புத் திருகு, அதில் பச்சைக் களிம்பு.

"இது பூட்டு இல்ல தாயி, இதுதான் காவக்காரன். எர்த்துன்னு சொல்றது. கரண்டு தப்பான வழியில போனா மனுசன் ஒடம்புக்குப் போக விடாம மண்ணுக்கு இழுத்துக்கிட்டுப் போறவன். ஒங்க வீட்டுக்கு அவன் வேலைக்கே வரல."

"ஆளு இல்லாட்டியும் லைட்டு எரியுதுங்களே மிஸ்," என்றாள் செல்வி.

"எரியும். அதான் யாருக்கும் தெரியாமப் போச்சு."

அந்த லயத்துக்கு மின்சாரம் கொண்டு வந்ததற்குத் திறப்பு விழா நடந்தது, மாலை விழுந்தது, படம் பிடித்தார்கள். மூன்றாவது வயரை இழுக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. திரும்பும் வழியில் பஸ் கொட்டகலை கடைத்தெருவுக்கு வந்தபோது அக்கா, "வீட்டுக் கருவிக்குத் தனிப் பகுதி ஏன் எழுதினான் தெரியுமா?" என்று கேட்டார். "வீட்டுல எர்த்து இருக்கும்னு நம்பாதன்னு அதுல சொல்லியிருக்கு. எழுதுனவன் எந்த ஊர்க்காரனோ, நம்ம லயத்தப் பாத்தவன் மாதிரி எழுதியிருக்கான். நம்ம லயத்துலயே பொறந்தவங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது."

ஆனால் செல்விக்கு எர்த்துப் பாடம் வேண்டியிருக்கவில்லை, மூச்சு வேண்டியிருந்தது. அடுத்த வாரமே தர்ஷினிக்கு மறுபடி இழுப்பு வந்து, லொறி கிடைக்காமல், செல்வி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் மருந்தகத்துக்கு ஓடி வந்தாள். பிள்ளை தேறிய பிறகு, அங்கே இருந்த அக்காவைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி என் காதில் இன்னும் இருக்கிறது.

"மெசின் அலுமாரியில இருக்காமே மிஸ். நீங்கதான் குடுக்க வேணாம்னீங்களாமே. ஒங்க நம்பரு வர்ற வரைக்கும் எம்புள்ள மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கணுமா?"

அக்காவை அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு, "நீ கேக்குறது ஞாயம்," என்றார். அன்று மாலையே நெபுலைசர்களை அடாப்டர் இல்லாமல் வெளியே எடுக்க வைத்தார். மறுபடி மறுபடி சார்ஜ் பண்ணக்கூடிய பேட்டரிகளைப் போட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். பேட்டரியில் ஓடும்போது சுவரோடு தொடர்பே இல்லை, காவல்காரன் வந்தால் என்ன வராவிட்டால் என்ன. சார்ஜ் பண்ணுவது எர்த் ஒழுங்காக உள்ள என் மருந்தகத்தில். முதல் மெஷினை அக்கா செல்வியின் கையில்தான் கொடுத்தார். தர்ஷினி அந்தப் பனிக்காலத்தை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே கடந்தாள்.

பேட்டரி நிரந்தர வழி இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். இறங்கிப் போகும், பழசாகும், மழையில் மருந்தகத்துக்கு வந்து மாற்ற வேண்டும். அதனால் சரியான தரமுள்ள அடாப்டர் எங்கே கிடைக்கும், அதே மெஷினுக்கு எது பொருந்தும் என்று விசாரித்துக் கூட்டத்தில் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே சொன்னார்கள். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அடுத்த கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

தெரியாமல் செய்தார்கள் என்றால் நான் இவ்வளவு எரிய மாட்டேன். தலைவரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்து நானும் அக்காவும் பார்க்கப் போனோம். அந்த அம்மாவுக்கும் இழுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி நெபுலைசர், அதில் மாட்டிய அடாப்டர். அக்கா வழக்கம்போல அதைத் திருப்பிப் பார்த்தார். லேபலில் 60601 என்று இருந்தது. எனக்கே வாசிக்க முடிந்தது.

"நல்ல சாமான் வாங்கியிருக்கீங்க தலைவரே," என்றார் அக்கா.

"டொக்டர் எழுதிக் குடுத்தாரு மிஸ். அம்மாவுக்குன்னா யோசிக்க ஏலுமா?"

"அப்ப ஒங்க அம்மாவுக்கு ஒரு நம்பரு, செல்வி மகளுக்கு ஒரு நம்பரா?"

"அது வேற, இது வேற மிஸ்," என்று ஏதோ சொன்னார் அவர். தேநீர் வந்திருந்தது. நம் பக்கத்தில் வீட்டுக்குப் போனால் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா நிறைந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார், அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "கவனமா இருங்கம்மா," என்றார், வெளியே நடந்தார். நானும் என் கோப்பையை வைத்தேன். எனக்குத் தேத்தண்ணி என்றால் உயிர், இருந்தும் வைத்தேன்.

இந்தப் பெண்ணைத்தான் சாந்தமே உருவானவர் என்கிறீர்கள்.

இதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கம் மென்மையாக எழுதியிருப்பேன். போன வாரம் செல்வி எனக்குப் போன் பண்ணினாள்.

"மிஸ்ஸி, முப்பத்தோராம் நாளைக்குக் கோயில் மண்டபத்துல கரண்டுல போடுற வயரு குடுக்கப் போறாங்களாமே, ஜெசிந்தா மிஸ்ஸு பேர்ல?"

"யாரு சொன்னா?"

"தலைவர் ஆளுங்க வந்து பேரு எழுதிட்டுப் போனாங்க. பெட்டியில மிஸ்ஸு படமே ஒட்டியிருக்காம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அப்ப மிஸ்ஸு கடைசியில சரின்னுட்டாங்களா மிஸ்ஸி? அவங்க பேரு இருந்தா நம்பி மாட்டலாம்தானே?"

"நான் பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எதையும் மாட்டிராத," என்றேன். சங்க அலுமாரியின் சாவி ஒன்று எப்போதும் என்னிடம்தான் இருக்கும், மருந்தகத்துச் சாமானும் அதில் இருப்பதால். மத்தியானமே பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய்த் திறந்து பார்த்தேன். அதே அடாப்டர்கள். ஒவ்வொன்றும் புதுப் பெட்டிக்குள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ரோஜாப்பூ ஓரத்தோடு அக்காவின் படம், கீழே "அமரர் ஜெசிந்தா அவர்களின் நினைவாக".

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். உயிரோடு இருந்தவரை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. செத்த பிறகு, எதை வேண்டாம் என்று அவர் தொண்டை கிழியக் கத்தினாரோ அதன் மேலேயே அவர் முகத்தை ஒட்டிவிட்டீர்கள். நம் ஊரில் இறந்தவர் நினைவாகக் கொடுப்பது நல்ல வழக்கம். பஸ் தரிப்பிடத்து இருக்கை, பள்ளிக்கூடத்துக் கடிகாரம், கோயில் விளக்கு, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது. ஆனால் செல்வி கேட்டதை யோசித்துப் பாருங்கள். லயத்துச் சனத்துக்கு 62368 தெரியாது, 60601 தெரியாது. ஜெசிந்தா மிஸ்ஸைத் தெரியும். அவர் பெயர் இருந்தால் அது பரிசோதித்த சாமான் என்று நம்புவார்கள். அவருடைய முகம்தான் அவர்களுக்குச் சான்றிதழ். அந்தச் சான்றிதழும் பொய்யில்லை, நல்ல சான்றிதழ். நீங்கள் அதை ஒட்டிய இடம்தான் தப்பு.

தலைவரே, பெரியவர்களே, உங்கள் முன்னால் மூன்று விஷயம் கேட்கிறேன் என்று பட்டியல் போட எனக்கு வராது. ஒன்றுதான் கேட்கிறேன். அக்கா விசாரித்துச் சொன்ன அடாப்டரை வாங்குங்கள். உங்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதையே. அதன் மேல் அவர் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஒட்டுங்கள், நானே பசை தடவித் தருகிறேன். அது வரும் வரைக்கும் பேட்டரி இருக்கிறது, சார்ஜ் பண்ண என் மருந்தகம் இருக்கிறது. மழையில் வர முடியாதவர்களுக்கு நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன். எந்தப் பிள்ளையின் மூச்சும் உங்கள் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்காது.

அக்காவின் உடலை அடக்கம் செய்து முடித்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய தம்பி கைப்பையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "இதுல உள்ளதெல்லாம் எங்களுக்கு என்னன்னே தெரியாது மிஸ்ஸி. ஒங்களுக்கு எது வேணும்னாலும் எடுத்துக்குங்க," என்றார். ஜெபமாலையை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியையும் கொடுத்தேன். சிவப்புப் பிடி உரிந்த குறட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்போது அதை ஒரு ஞாபகப் பொருளாகத்தான் எடுத்தேன்.

இந்த மலரில் இதைப் போட மறுத்தால் மண்டபத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். எப்படியானாலும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பெட்டியைத் திறக்கும்போது யாரும் திகைக்க வேண்டாம். அக்காவின் படங்களைக் கிழியாமல் உரித்து எடுத்து வைத்திருக்கிறேன், சரியான சாமான் வந்ததும் ஒட்டலாம். உள்ளே இருக்கும் அடாப்டர்கள் ஒன்றிலும் வயர் இல்லை. அனுமதி கேட்கவில்லை. வெட்டியது நான். குறடு என் பையில்தான் இருக்கிறது.